வார்டு மெம்பரில் தொடங்கும் அரசியல்: இளைஞர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 234 இடங்கள், மக்களவைக்கு 39. அரசியலுக்கு வர நினைக்கும் இளைஞர்களின் கண் பெரும்பாலும் இந்த 273 நாற்காலிகள் மேல்தான் இருக்கிறது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நிரப்ப வேண்டியிருந்த பதவிகள் எத்தனை தெரியுமா? 91,975. அதில் 76,746 கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகள். அவற்றிலும் 18,137 வார்டுகளில் போட்டியே இல்லை. ஓட்டுப்பதிவு நாள் வருவதற்கு முன்பே மெம்பர் யார் என்பது முடிவாகிவிட்டது. கிட்டத்தட்ட நாலு வார்டுக்கு ஒரு வார்டு.

"இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும்" என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எந்த வாசல் வழியாக, எந்த வயதில், எவ்வளவு செலவில் என்று கேட்டால் மேடையில் பதில் இருக்காது. கல்லூரி முடித்த, அல்லது முடிக்கப்போகிற ஒருவருக்கு அதை விளக்குவதுதான் இங்கே நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருப்பதிலேயே அகலமான வாசல் உள்ளாட்சி. அந்த வாசலைப் பல வருடம் பூட்டியே வைத்திருந்துவிட்டு, இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று குறைசொல்வதில் நியாயமில்லை.

வயதுக் கணக்கு

ஓட்டுப் போடும் வயது முன்பு 21. அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் போட்டியிட 25 வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலங்களவைக்கு 30. உள்ளாட்சிக்கு மட்டும் 21 போதும். ஊராட்சிகளுக்கு 73-ஆவது திருத்தமும், நகராட்சிகளுக்கு 74-ஆவது திருத்தமும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. எம்.எல்.ஏ. ஆவதற்கு இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டிய ஒருவர், தன் ஊருக்குப் பிரசிடென்ட் ஆகலாம்.

ஆகியும் இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் மீதி ஒன்பது மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டி ஊராட்சிக்குத் தலைவராக வென்ற சாருகலா, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பொறியியல் பட்டதாரி. அதே தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் சிவந்திபட்டியில் வென்றவர் பெருமாத்தாள். வயது 90. இளைஞர் பங்கேற்பு என்றால் வயதானவர்களை வீட்டுக்கு அனுப்புவது என்று யாராவது நினைத்தால், அந்த ஒரே தேர்தலில் கிடைத்த இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளலாம். நகரத்தில் பார்த்தால், 2022 மார்ச்சில் சென்னை மேயராகப் பொறுப்பேற்றபோது ஆர். பிரியாவுக்கு 28 வயது. அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர்.

இதில் பெண்களுக்கு ஒரு கூடுதல் விஷயம் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. 2016-ல் கொண்டுவந்த திருத்தம் அது. சட்டமன்றத்தில் சீட் கேட்டு மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் காத்திருக்கும் நிலையோடு ஒப்பிட்டால், இது வேறு உலகம். "பிரசிடென்ட் வீட்டுக்காரர்" என்ற தனிப் பதவி ஒன்று பல ஊர்களில் நடைமுறையில் இருப்பதும் உண்மைதான். ஆனால் படித்துவிட்டு, செக்கில் கையெழுத்துப் போடும் முன் பில்லைக் கேட்கும் இளம் பெண் அந்த நாற்காலியில் உட்காரும்போது, வீட்டுக்காரர் பதவிக்கு வேலை தானாகக் குறைகிறது.

நாலு ஓட்டு, இரண்டு வித அரசியல்

கிராமத்து வாக்காளர் ஒருவர் உள்ளாட்சித் தேர்தலில் நாலு ஓட்டுப் போடுகிறார். வார்டு மெம்பருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று ஒவ்வொரு வாக்குச்சீட்டும் வேறு நிறம்.

கவனிக்க வேண்டியது நிறத்தை அல்ல, சின்னத்தை. வார்டு மெம்பர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாத பதவிகள். பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று தேர்தல் ஆணையம் தரும் பொதுச் சின்னத்தில்தான் நிற்க முடியும். ஒன்றியமும் மாவட்டமும் கட்சி அடிப்படையிலானவை. நகரங்களில் கவுன்சிலர் பதவியும் அப்படியே. ஆக, கட்சியின் தயவு இல்லாமல் ஒருவர் மக்களிடம் நேராகப் போய் நிற்கக்கூடிய இடம் கிராம ஊராட்சி. சும்மா சொல்லவில்லை, ஒரு வார்டில் சில நூறு ஓட்டுகள்தான். எல்லார் வீட்டு வாசலிலும் இரண்டு முறை போய் நின்றுவிடலாம். பேரூராட்சியிலோ மாநகராட்சியிலோ சுயேச்சையாக நின்று வெல்வது இதைவிடக் கடினம். அங்கே கட்சி வேண்டும், அல்லது அந்தத் தெருவில் பத்து வருடப் பேர் வேண்டும்.

21 ஆவதற்கு முன்: கிராம சபை

18-க்கும் 21-க்கும் நடுவே என்ன செய்வது? இதற்குத்தான் கிராம சபை இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். யாரும் நியமிக்க வேண்டாம், தேர்ந்தெடுக்க வேண்டாம். பட்டியலில் பெயர் ஏறிய அன்றே நீங்கள் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தேதி சில சமயம் தள்ளிப்போகும், கூட்டம் நடக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் பக்கத்திலோ ஷாமியானா போட்டிருக்கும். முன்னால் பிரசிடென்ட், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸிலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வந்த பற்றாளர், ஊராட்சிச் செயலர். செயலரை ஊரில் 'கிளார்க்' என்பார்கள். கீழே பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள், ஏனென்றால் குறைவெண் வரம்பு இருக்கிறது: மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வந்தாக வேண்டும். நோட்டு ஒன்று கையெழுத்துக்குச் சுற்றி வரும். கிளார்க் பொருள்களை மடமடவென்று வாசிப்பார். "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு குரல். டீ வந்துவிடும். முடிந்தது.

இந்தக் கூட்டத்தில் ஒரு பத்தொன்பது வயதுக்காரர் செய்யக்கூடிய உருப்படியான வேலை, படிவம் 30-ஐக் கேட்பது. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கைக்கு அந்தப் பெயர். அதைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும், மக்கள் பார்க்கும்படி பிளெக்ஸில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் மாவட்ட நிர்வாகம் அனுப்பும் அறிவுறுத்தலில் இருக்கும். பிளெக்ஸ் சில ஊர்களில் மேடைக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், அது வேறு கதை. அதை விரித்துப் பார்த்தால், தெருவிளக்குப் பராமரிப்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது, தொட்டி ஆபரேட்டர் சம்பளம் என்று வரிசையாக இருக்கும். "மோட்டார் பழுதுன்னு மூணு தடவை போட்டிருக்கு, எந்த மோட்டார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கூட்டத்தின் தூக்கம் கலையும். இந்தக் கேள்விக்குப் பெரிய அரசியல் ஞானம் தேவையில்லை. வரி வரியாகப் படிக்கும் பொறுமை போதும். மத்திய நிதிக்குழு மானியத்தில் நடக்கும் வேலைகளை இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகப் பார்க்க முடியும். போன் கையில் இருக்கும் பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட முன்னே நிற்கிறார்கள்.

இரண்டாவது வேலை, தீர்மானத்தை எழுத வைப்பது. பேசினால் காற்றோடு போய்விடும்; தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அதற்கு உயிர். தீர்மானம் எழுதும் முன் வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தால், "எழுதி வாசிச்சிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்க அண்ணே" என்று தன்மையாகவே கேட்கலாம். சண்டை போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகப் போங்கள். ஒருவர் கேட்டால் வம்பு, நாலு பேர் கேட்டால் பொதுக்கருத்து.

நகரத்துக்காரர்களுக்குக் கிராம சபை கிடையாது. அதற்குப் பதிலாக வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2022-ல் கொண்டுவந்தார்கள்; அந்த ஆண்டு நவம்பர் 1-இல் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கவுன்சிலர்தான் தலைமை. கிராம சபை அளவுக்கு மக்களுக்கு இன்னும் இது பழகவில்லை. உங்கள் வார்டில் எப்போது கூட்டம் என்று கவுன்சிலருக்கே போன் போட்டுக் கேட்பதுதான் சுருக்கமான வழி.

தீர்மானத்துக்கு எவ்வளவு பலம்?

இங்கே ஆசை காட்டி மோசம் செய்யக் கூடாது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது. 2024 நவம்பர் 23-இல் நடந்த கிராம சபைகளில் அந்த வட்டாரத்து ஊராட்சிகள் பல எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணி போனார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. தீர்மானம் மட்டும் அதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. ஆனால், ஊர் வேண்டாம் என்கிறது என்பதற்கு முதல் எழுத்துச் சாட்சி அதுதான்.

காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தையும் பாருங்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022-லிருந்து கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். நிலம் எடுக்கும் வேலை நிற்கவில்லை. கிராம சபையின் அதிகாரம் எவ்வளவு என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும் என்று அரசியலமைப்பின் 243அ பிரிவு விட்டுவைத்திருக்கிறது. பெரிய திட்டங்கள் விஷயத்தில் கிராம சபை சொல்வது அரசைக் கட்டுப்படுத்தாது. தெருக் குழாய், குப்பை, ஏரி மடை, பயனாளிகள் பட்டியல் என்று வரும்போது நன்றாகவே வேலை செய்யும். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் இரண்டாவது கூட்டத்திலேயே சலித்துப்போகும்.

கட்சிக்குள் என்ன நடக்கிறது

தமிழ்நாட்டில் மாணவர்கள் அரசியலை மாற்றியதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம். இரண்டே வருடத்தில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. போராட்டத்தில் நின்ற பையனுக்கு தி.மு.க. சீட் கொடுத்தது. அதுதான் அங்கே நடந்த விஷயம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் அத்தனை ஆயிரம் பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அப்படி ஓர் ஏணி இல்லை. உள்ளாட்சித் தேர்தல்கூட அந்த வருடம் நடக்கவில்லை.

கல்லூரியில் அந்த ஏணியின் முதல் படி இருக்க வேண்டும். மாணவர் தேர்தல்கள் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழு சொன்னதை ஏற்று 2006-ல் உச்ச நீதிமன்றம் மாணவர் பேரவைத் தேர்தலுக்கு விதிமுறை போட்டது: வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் தேர்தலே நடத்துவதில்லை. மார்க் அதிகம் வாங்கியவரை நிர்வாகமே 'சேர்மன்' ஆக்கிவிடும். ஓட்டுக் கேட்டுப் பழகாமலே பட்டம் வாங்கி வெளியே வருகிறார்கள்.

கேரளத்தில் 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் திருவனந்தபுரம் மேயர் ஆனார். இங்கே அதை ஏதோ அதிசயம் போலப் பகிர்ந்தார்கள். அவர் அதற்கு முன்பே பாலசங்கம் என்ற சிறுவர் அமைப்புக்கு மாநிலத் தலைவராகவும், மாணவர் அமைப்பில் மாநிலக் குழுவிலும் இருந்தவர். 21 வயதில் மேயர் ஆனவருக்குப் பின்னால் பல வருட அமைப்பு வேலை இருந்தது. பிறகு கட்சி அந்த வேலையை மதித்துப் பதவியும் கொடுத்தது.

நம் பக்கம் இளைஞரணி எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. தி.மு.க. இளைஞரணி 1980-ல் மதுரையில் தொடங்கியது. அதன் செயலாளர் பொறுப்பை மு.க. ஸ்டாலின் 2017 ஜனவரியில் விட்டபோது அவருக்கு 63 வயது. இதை ஒரு கட்சியின் குறையாகச் சொல்லவில்லை. அணி என்பது பெரும்பாலும் மாநாட்டுக்கு ஆள் திரட்டவும், பேனர் கட்டவும், தேர்தல் நாளில் பூத் ஸ்லிப் கொடுக்கவும்தான் பயன்படுகிறது. பொதுக்குழுவில் ஓட்டுப் போடும் இடத்துக்கும் வேட்பாளர் பட்டியலுக்கும் வருவதற்குள் இளைஞருக்கு நாற்பது தாண்டிவிடும், அல்லது அப்பா ஏற்கெனவே மாவட்டச் செயலாளராக இருக்க வேண்டும்.

கட்சியில் சேர்வது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. சேர்கிறவர் மாநாட்டு வேனில் ஏறுவதைவிட பூத் வேலையைக் கேட்டு வாங்கலாம். ஒரு பாகத்தின், அதாவது ஒரு பூத்தின், வாக்காளர் பட்டியல் ஆயிரம் பேர் அளவில் இருக்கும். யார் இறந்துபோனார், யார் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், யாருக்கு முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனது என்பது தெரிந்த பூத் ஆளை எந்தக் கிளைச் செயலாளராலும் ஒதுக்க முடியாது. வார்டு சீட் பேச்சு வரும்போது அந்த நோட்டுதான் பேசும்.

ஏன் வர முடியவில்லை

முதல் காரணம் எளிமையானது: தேர்தல் நேரத்துக்கு நடப்பதில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வழக்கு, வார்டு வரையறை, மறுபடி வழக்கு. கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் வந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. நகரத்தில் அதற்கு முந்தைய தேர்தல் 2011-இல். அப்போது ஆறாம் வகுப்பு படித்த பெண், அடுத்த தேர்தலில் வேட்பாளராகவே நின்றிருக்கலாம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு, 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் (மாவட்டப் பிரிப்புக்குப் பிறகு அவை 28) ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோதும் தேர்தல் தயாராக இல்லை. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 21 வயதில் உற்சாகத்தோடு இருப்பவரை மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னால், அவர் துபாய்க்கோ சென்னைக்கோ போய்விடுவார். அதை ஆர்வமின்மை என்று எழுதுவது அபத்தம்.

இரண்டாவது, பிழைப்பு. ஊராட்சித் தலைவருக்கு அரசு தரும் மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 2023-லிருந்து 10,000. நிலமோ, கான்ட்ராக்ட்டோ, வசதியான வீடோ இல்லாத இளைஞர் இதை நம்பி முழுநேரம் இறங்க முடியாது. நேர்மையாக இருங்கள் என்று அவருக்கு அறிவுரை சொல்வதும் சுலபமில்லை.

மூன்றாவது, சாதி. இதைச் சொல்லாமல் உள்ளாட்சியைப் பற்றி எழுதுவது அரைக் கட்டுரை. மதுரை மாவட்டத்தில், பட்டியல் சாதியினருக்குத் தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருடம் தேர்தலே ஒழுங்காக நடத்த முடியவில்லை, 2006-ல்தான் நடந்தது. அண்மைக் காலத்திலும், 2020-ல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்து வழக்கானது. போட்டியின்றித் தேர்வான அந்த 18,137 வார்டுகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். சில இடங்களில் உண்மையிலேயே ஆள் இல்லை. சில இடங்களில் ஊர்ப்பெரியவர்கள் கூடி முடிவு செய்திருப்பார்கள், அல்லது பதவியை ஏலம் விட்டிருப்பார்கள். ஏலம் சட்டப்படி குற்றம் என்று தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது. அங்கே மனு தாக்கல் செய்யும் இளைஞருக்குத் தேவைப்படுவது ஆர்வம் மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

நிற்பது என்று முடிவெடுத்தால்

முதலில் வாக்காளர் பட்டியல். பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6-ஐ 17 வயது முடிந்ததுமே முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம்; ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ அதற்கேற்பப் பெயர் சேரும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராகிறது. சென்னையில் படிக்கிறேன் என்று பெயரை அங்கே மாற்றியிருந்தால், ஊரில் நிற்க முடியாது. இந்த ஒரு காரணத்தாலேயே மனு கொடுக்க முடியாமல் போகிறவர்கள் உண்டு.

2019 தேர்தலில் வார்டு மெம்பருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100. தலைவருக்கு 600, அவர்களுக்கு 300. செலவு உச்சவரம்பு மெம்பருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. தலைவர் பதவிக்கு நிஜத்தில் இறைக்கப்படும் பணம் இதற்குப் பக்கத்தில்கூட நிற்காது என்பது ஊருக்கே தெரியும். மெம்பர் பதவிக்கு அந்தத் தொகைக்குள் நின்று வெல்ல முடிகிற வார்டுகள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் முதல் தடவைக்கு மெம்பர் என்பது என் பரிந்துரை. மெம்பர் ஆனால் ஊராட்சி மன்றக் கூட்டத்துக்குள் உட்காரலாம், எல்லா ரிஜிஸ்டரையும் பார்க்கலாம். துணைத்தலைவரை மெம்பர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தோற்றாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தேர்தல் செலவுக் கணக்கை 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், வென்றவரும் தோற்றவரும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் போட்டியிடத் தகுதி போய்விடும். தோற்ற வருத்தத்தில் பலர் மறந்துவிடும் விஷயம் இது. ஐந்தாறு நோட்டீஸ் பில்லும் ஒரு ஆட்டோ வாடகை ரசீதும்தான் இருக்கும். எடுத்துக்கொண்டு போய் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.